ஏடு தொடக்கிய பின்னர்: இல்லத்தில் வாசிப்பை வளர்த்தல்

நவராத்திரியின் ஒன்பது நாட்களும் நிறைவுற்று விஜயதசமி நாள் புலர்ந்ததும் கிராமத்து ஆலயங்களிலே ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுவது சைவ மக்களின் நெடுநாள் மரபாகும். பிள்ளை புத்தாடை அணிந்து பெரியவர் ஒருவரின் மடியில் அமர்ந்து, தாம்பாளத்திலே பரப்பிய அரிசியில் 'அ' என்னும் எழுத்தைத் தன் சின்னஞ்சிறு விரலால் எழுதுகின்றது. குருக்களோ ஆசிரியரோ ஏட்டைப் பார்த்து எழுத்துக்களைச் சொல்ல, பிள்ளை மழலை மொழியில் திருப்பிச் சொல்கின்றது. பெற்றோரும் உற்றாரும் மனம் குளிர்கின்றனர். வீடு திரும்பியதும் ஏடு சுவாமி அறையிலே பத்திரமாக வைக்கப்படுகின்றது. பல வீடுகளில் அடுத்த நவராத்திரி வரை அது அங்கேயே இருந்துவிடுகின்றது.

தொடக்கியது தொடர வேண்டும் என்பதே இவ்வைபவத்தின் உட்பொருள். பிள்ளை பாடசாலைக்குச் சென்றுவிட்டால் வாசிக்கப் பழக்குவது ஆசிரியரின் பொறுப்பு எனப் பெற்றோர் பலர் ஆறுதல் அடைகின்றனர். ஆசிரியர் எழுத்தை அறிமுகம் செய்வார். சொல்லையும் வசனத்தையும் கற்பிப்பார். ஆனால் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளிலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அருகில் இருத்தி நாள்தோறும் வாசிப்பிப்பதற்குப் பாடசாலை நேரம் போதாது. வாசிப்பு நீச்சலைப் போலவும் சைக்கிள் ஓட்டத்தைப் போலவும் நாளாந்தப் பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சிக்குரிய இடம் வீடு.

வாசிக்க இயலாத பிள்ளையின் துயரம்

தரம் 1 இலும் 2 இலும் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கின்றது. அதன் பின்னர் கற்பதற்காக வாசிக்கின்றது. சைவநெறியும் வரலாறும் விஞ்ஞானமும் வாசிப்பின் வழியாகவே பிள்ளையிடம் வந்து சேர்கின்றன. கணிதத்திற் கூட்டலும் கழித்தலும் நன்கு தெரிந்த பிள்ளை, வினாவை வாசித்து விளங்க இயலாமையாற் புள்ளிகளை இழப்பதுண்டு. தரம் 5 இனைத் தாண்டியும் எழுத்தெழுத்தாகத் தடுமாறும் பிள்ளை வகுப்பின் கடைசி வாங்கினைத் தேடிச் செல்கின்றது. ஆசிரியர் எழுப்பி வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என அஞ்சுகின்றது. வயிற்றுவலி, தலையிடி எனக் கூறிப் பாடசாலைக்குச் செல்ல மறுக்கின்றது. நாளடைவிற் படிப்பை விட்டே விலகிவிடுகின்றது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஊரும் உறவும் கூறிவிடுகின்றன. அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் பலர் இவ்வாறு இழக்கப்படுகின்றனர்.

2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டிருந்தன. அவ்வேளையிற் தரம் 1 இலும் 2 இலும் இருந்த பிள்ளைகள் எழுத்துக்களைப் பழகும் பருவத்தையே பெருமளவு இழந்தனர். அவர்களுட் சிலர் மேல் வகுப்புகளுக்குச் சென்ற பின்னரும் சரளமாக வாசிக்க இயலாது இடர்ப்படுகின்றனர். அத்தகைய பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிடவில்லை. எந்த வயதிலும் வாசிப்பைத் திருத்திக்கொள்ளலாம். பொறுமையும் ஒழுங்கும் உள்ள துணை ஒன்று வீட்டில் வேண்டும்.

செவியே முதல் வாசல்

வாசிப்பு கண்ணின் தொழில் எனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. உண்மையில் அதன் முதல் வாசல் செவியாகும். தமிழ்ப் பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். வீட்டிற் பேசும் தமிழும் நூலில் எழுதும் தமிழும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டில் "அப்பா வாறார்", "எனக்கு வேணும்", "இஞ்சை வாங்கோ" என்று கேட்டு வளர்கின்றது. நூலைத் திறந்தால் "அப்பா வருகிறார்", "எனக்கு வேண்டும்", "இங்கே வாருங்கள்" என இருக்கின்றது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் மலையகத்திலும் பேச்சு வேறு வேறு விதமாயினும் நூலின் தமிழ் ஒன்றே. எழுத்துத் தமிழைச் செவியிற் கேட்டறியாத பிள்ளை, எழுத்துக்களைச் சரியாகக் கூட்டி வாசித்தாலும் அச்சொல் தனக்குத் தெரிந்த சொல்லே என உணராது திகைக்கின்றது. 'பார்த்தேன்' என்பதை வாசிக்கும் பிள்ளைக்கு அது தான் நாள்தோறும் கூறும் 'பாத்தனான்' என்பதுதான் என்று யாரேனும் உணர்த்த வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பும் எளிய வழி, பெரியவர் நூலைச் சத்தமாக வாசிக்கப் பிள்ளை கேட்டிருத்தலாகும். பல முறை கேட்ட சொல் கண்ணிற் பட்டதும் பிள்ளைக்கு அது பழகிய முகமாகிவிடுகின்றது. மேல்நாடுகளிலும் இதனை வலியுறுத்துகின்றனர். 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வாசிப்புப் பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு ஒன்று, வாசிப்பில் வெற்றி பெறத் தேவையான அறிவைப் பிள்ளைகளிடம் வளர்க்கும் செயல்களுள் அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவதே முதன்மையானது எனத் தெரிவித்தது. பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கிய பின்னரும் மேல் வகுப்புகள் வரை இவ்வழக்கம் தொடர வேண்டும் எனவும் அது கூறியது. "இப்ப அவளுக்கு வாசிக்கத் தெரியும்தானே" என்று நிறுத்திவிடும் பெற்றோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

புராணபடனம் காட்டிய வழி

மேல்நாட்டார் இன்று கூறும் இம்முறையை ஈழத்துச் சைவ ஆலயங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்துள்ளன. கந்தபுராண படனத்தில் ஒருவர் பாட்டை இராகத்துடன் வாசிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். மண்டபத்திற் கூடியிருக்கும் அடியார்கள் கேட்பர். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமும், பெருங்கதை விரத நாட்களிற் பிள்ளையார் கதையும், சித்திரா பௌர்ணமியிற் சித்திரபுத்திரநாயனார் கதையும் வாசிக்கப்படுகின்றன. கிழக்கிலங்கைக் கண்ணகி அம்மன் ஆலயங்களிற் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. பள்ளிக்கூட வாசலை மிதியாத மூதாட்டியரும் சூரபன்மனின் கதையையும் மாணிக்கவாசகரின் கதையையும் உயர்ந்த தமிழிற் கேட்டு அறிந்திருந்தமை இவ்வழியினாலேயே ஆகும்.

புராணபடனத்தில் மூன்று செயல்கள் உள்ளன. ஒருவர் வாசிக்கின்றார், பொருள் விளக்கப்படுகின்றது, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரப்படுகின்றது. வீட்டில் வாசிப்பை வளர்க்க விரும்பும் பெற்றோருக்கு இம்மூன்றுமே போதும். சத்தமாக வாசித்தல், வாசித்ததைப் பற்றிப் பேசுதல், நாள் தவறாது தொடர்தல் என்பனவே அவை.

பிள்ளைகளுக்கென எளியதிலிருந்து கடினத்துக்குப் படிமுறையாகச் செல்லும் பாலபாடங்களை ஆக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அச்சுக்கூடம் அமைத்து நூல்களை வெளியிட்டார். பெரியபுராணத்தை எல்லோரும் வாசித்து விளங்கும் வகையில் வசனத்திலும் எழுதினார். வாசிப்பவரின் தரம் அறிந்து நூல் அமைய வேண்டும் என்னும் அவரது நோக்கம் பெற்றோருக்கும் வழிகாட்டத்தக்கது.

நாளாந்தம் பதினைந்து நிமிடம்

விளக்கேற்றிச் சுவாமி கும்பிட்ட பின்னர், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர், அல்லது படுக்கைக்குச் செல்லும் வேளையிற் பதினைந்து நிமிடம் ஒதுக்கினாற் போதும். எந்த நேரம் என்பதிலும் பார்க்க நாள்தோறும் ஒரே நேரம் என்பதே முக்கியம். அந்நேரத்தில் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை வாசிப்பவரின் அருகில் அமர்ந்து நூலின் பக்கத்தைப் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். பெரியவர் விரலைச் சொல்லின் கீழ் மெதுவாக நகர்த்தி வாசித்தால் எழுத்தும் ஒலியும் பிள்ளையின் மனதில் ஒன்றாகப் பதியும்.

ஓர் உதாரணத்தைக் காண்போர்க்கு இம்முறை தெளிவாகும். நூலில் இவ்வாறு ஒரு பகுதி இருப்பதாகக் கொள்ளலாம்: "மழை பெய்தது. குளம் நிரம்பியது. வரம்பிலே ஒரு கொக்கு நின்றது. அது நெடுநேரம் அசையவே இல்லை. நீரில் ஒரு மீன் துள்ளியது." தாய் இதனை ஒரு முறை முழுமையாக, குரலில் ஏற்ற இறக்கத்துடன் வாசிக்கின்றார். பின்னர் பிள்ளையுடன் வீட்டுத் தமிழிற் பேசுகின்றார்.

"கொக்கு ஏன் பிள்ளை ஆடாமல் நிண்டது?"

"மீன் பிடிக்க."

"ஓம். இனி என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?"

"மீன் ஓடியிடும்."

"எங்கடை குளத்திலை கொக்கு நிண்டதை நீ கண்டனியோ?"

இதன் பின்னர் அதே ஐந்து வசனங்களையும் தாயும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கின்றனர். மூன்றாம் முறை பிள்ளை தனியே வாசிக்கின்றது. முதலாவது வினாவுக்கு விடை வசனங்களுக்கிடையே உள்ளது. இரண்டாவது பிள்ளையைச் சிந்திக்க வைக்கின்றது. மூன்றாவது நூலையும் பிள்ளையின் வாழ்வையும் இணைக்கின்றது. இத்தகைய மூன்று வினாக்கள் போதும். பத்து வினாக்களைக் கேட்டால் அது பரீட்சையாகிவிடும்.

வயதுக்கு ஏற்ற முறை

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நூல் ஒரு விளையாட்டுப் பொருள். பக்கத்தைப் புரட்டும், சில வேளை கிழிக்கும். அதற்காக நூலை எட்டாத இடத்தில் வைத்துவிடலாகாது. படத்தைக் காட்டிப் பெயர் சொல்லுதல், தாலாட்டுப் பாடுதல், கைவீசச் செய்து பாடுதல் என்பன இப்பருவத்தின் வாசிப்புப் பாடங்கள்.

முன்பள்ளிப் பருவத்திற் பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். பெரியவர்களுக்கு அது சலிப்பாகத் தோன்றினாலும் பிள்ளைக்கு அது பயிற்சி. சொற்கள் மனதில் நிலைபெறுவது திரும்பக் கேட்பதினாலேயே. தன் பெயரின் முதலெழுத்தை நாட்காட்டியிலும் கடைப் பலகையிலும் தேடிக் காணும் விளையாட்டும் இப்பருவத்திற்கு ஏற்றது.

தரம் 1, 2 பிள்ளை தானாக வாசிக்க முயலும். சிறிய வசனங்களும் பெரிய எழுத்துக்களும் உள்ள நூலே பொருத்தமானது. ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்களில் பிள்ளை தடுமாறுமாயின் அந்நூல் இப்போதைக்குக் கடினமானது எனக் கொண்டு, அதனைப் பெரியவர் வாசித்துக் காட்டி, பிள்ளைக்கு எளியதொன்றைக் கொடுக்கலாம்.

தரம் 3 முதல் 5 வரை உள்ள பிள்ளையுடன் பக்கம் மாறிப் பக்கமாக வாசிக்கலாம். ஒரு பக்கம் தந்தை, அடுத்த பக்கம் மகள் என்றவாறு செல்கையில் பிள்ளைக்கு இளைப்பாற இடம் கிடைக்கின்றது. நல்ல வாசிப்பைக் கேட்கவும் வாய்ப்புக் கிடைக்கின்றது. அதற்கு மேற்பட்ட வயதினர் பத்திரிகைச் செய்தியை வாசித்து வீட்டாருக்குச் சொல்லுதல், அம்மம்மாவுக்குப் பிள்ளையார் கதை வாசித்துக் காட்டுதல் போன்ற பயனுள்ள வாசிப்பை விரும்புவர். தம்பிக்கு வாசித்துக் காட்டும் அக்கா தானும் வளர்கின்றாள்.

எழுத்துக்களிற் தடுமாறும் இடங்கள்

தமிழ் எழுத்துக்கள் 247 எனக் கேட்டதும் மலைப்புத் தோன்றும். உயிர் 12, மெய் 18, அவை சேர்ந்த உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்னும் ஒழுங்கைப் பிள்ளை விளங்கிக்கொண்டால் மலைப்பு நீங்கிவிடும். அடிப்படை எழுத்துக்களும் சில குறியீடுகளுமே கற்க வேண்டியவை. ஆயினும் சில இடங்களிற் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு. அவற்றைப் பெற்றோர் அறிந்திருந்தாற் கோபம் வராது.

'கெ', 'கே', 'கை' என்னும் எழுத்துக்களிற் கொம்பு முன்னே எழுதப்படுகின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ', 'கோ' என்பவற்றிற் கொம்பு முன்னும் அரவு பின்னுமாக நிற்கின்றன. இடமிருந்து வலமாக வாசிக்கும் பிள்ளைக்கு இது குழப்பம் தருவது நியாயமே. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குறிலையும் நெடிலையும் காட்டுவன என்பதைச் சொற்சோடிகளால் விளக்கலாம். 'செடி', 'சேவல்' என்பவற்றை நீட்டியும் குறுக்கியும் சொல்லிக் காட்டினாற் செவியே வேறுபாட்டை உணர்த்தும்.

ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்பப் பல விதமாக ஒலிப்பதும் உண்டு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் வருவது ககரமே. ஒலி மூன்று விதம். எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளை இங்கே தடுமாறும். சொல்லை முழுதாக வாசித்துக் காட்டி மீண்டும் சொல்லச் செய்வதே தீர்வு. 'ஆனா', 'ஆவன்னா' என எழுத்தின் பெயரைச் சொல்வது பழக்கமாயினும், வாசிக்கையிற் தேவைப்படுவது எழுத்தின் ஒலியே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் பேச்சில் மங்கிவிட்டன. 'வாழை' தோட்டத்தில் நிற்பது. 'வாளை' கடலில் நீந்துவது. 'கரை' கடலுக்கு உரியது. 'கறை' சட்டையிற் படிவது. 'மனம்' உள்ளே இருப்பது. 'மணம்' பூவிலிருந்து வருவது. இவ்வாறு பொருளோடு சேர்த்துச் சொன்னாற் பிள்ளை சிரித்துக்கொண்டே கற்றுவிடும்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே சொல்லிக்கொடுக்காது, மனதுக்குள் ஐந்து வரை எண்ணும் நேரம் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் வாராவிடின் முதலெழுத்தைச் சொல்லி உதவலாம். பின்னரும் வாராவிடிற் சொல்லையே சொல்லிவிட்டுத் தொடரலாம். பிழையாக வாசித்தால் வசனம் முடியும் வரை விட்டு, "அப்பிடி எண்டால் கருத்து வருதோ? திருப்பிப் பார் அப்பு" என்று கேட்டாற் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே திருத்திக்கொள்வர். தலையிற் குட்டுவதும், அயல்வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடுவதும், விருந்தினர் முன்னிலையில் வாசிக்கச் சொல்லி நகைப்பதும் பிள்ளையின் மனதில் நூலையும் அவமானத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். அம்முடிச்சை அவிழ்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

அதிகம் படிக்காத பெற்றோர்

"எங்களுக்கே சரியாய் வாசிக்கத் தெரியாது, நாங்கள் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறது?" என்ற கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழுவதுண்டு. அதிற் பெருந்துயரம் ஒன்று அடங்கியுள்ளது. இன்றைய பெற்றோர் பலர் போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். 1995 ஆம் ஆண்டின் வலிகாம இடப்பெயர்வும் 2009 வரை தொடர்ந்த வன்னி இடப்பெயர்வுகளும் அவர்களின் படிப்பைத் துண்டு துண்டாக்கின. மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலும், மர நிழல் வகுப்புகளிலும் படித்தவர்கள் அவர்கள். படிப்பு இடையில் நின்றமை அவர்களின் குற்றமன்று. அதனையிட்டு வெட்கப்பட ஏதுமில்லை.

குறைவாக வாசிக்கத் தெரிந்த தாயும், அறவே வாசிக்கத் தெரியாத பாட்டியும் பிள்ளையின் வாசிப்பை வளர்க்கலாம். அதற்குப் பல வழிகள் உண்டு. முதலாவது, கதை சொல்லுதல். தான் கேட்ட கதைகளை, ஊரின் கோயில் உண்டான கதையை, தன் இளமைக் காலத்தைச் சொல்லும் அப்பப்பா பிள்ளையின் சொல்வளத்தைப் பெருக்குகின்றார். இரண்டாவது, கேட்டல். பிள்ளை வாசிக்க, வேலை செய்துகொண்டே செவிமடுத்து, "பிறகு என்னவாம்?" என்று கேட்கும் தாய் மிகச் சிறந்த ஆசிரியை. பயன் சொல்பவரும் வாசிப்பவரும் மட்டுமல்லாது கேட்பவரும் இருப்பதாலேயே புராணபடனம் நிறைவு பெறுகின்றது. மூன்றாவது, கூடக் கற்றல். பிள்ளையின் தரம் 1 நூலை அருகிலிருந்து தானும் வாசிக்கும் தாய் இரண்டு ஆண்டுகளில் இருவர் எழுத்தறிவையும் வளர்த்துவிடலாம்.

தந்தையோ தாயோ மத்திய கிழக்கிலோ வேறு நாட்டிலோ தொழில் புரியும் குடும்பங்களும் உள்ளன. தொலைபேசியிற் கதைக்கும் வேளையில் "இண்டைக்கு வாசிச்ச பக்கத்தை எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்று கேட்பது ஐந்து நிமிடச் செயல். தூரத்தில் உள்ளவரும் பிள்ளையின் படிப்பில் பங்குகொள்ள அது வழி செய்யும்.

வாசிப்பதற்கு எங்கே நூல்?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு கொப்பி, புத்தகங்களின் விலை பெரிதும் ஏறிவிட்டது. எல்லாக் குடும்பங்களாலும் கதைப் புத்தகங்களை வாங்க இயலாது. எனினும் வாசிப்பதற்கு எதுவும் இல்லாத வீடு இல்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் விரத நாட்கள் உள்ளன. பால்மா, தேயிலைப் பைக்கற்றுகளிலும் எழுத்து உண்டு. ஆலய மகோற்சவ விஞ்ஞாபனத்தில் ஒவ்வொரு திருவிழாவும் உபயகாரர் பெயரும் நேரமும் உள்ளன; எமது வீட்டுத் திருவிழா எந்நாள் என்று பிள்ளை தேடிக் கண்டுபிடிப்பது நல்ல வாசிப்புப் பயிற்சி. உறவினர் மறைந்த 31 ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர்கள் பல வீடுகளின் அலுமாரிகளில் உள்ளன. அவற்றிலே தேவாரங்களும் நல்ல கருத்துக்களும் உண்டு.

பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேவாரத்தை நூலிற் காட்டி, பாடிக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் விரலாற் தொடச் செய்வது பயன் தரும் முறை. ஒலி ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எழுத்து இலகுவில் அதனோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், பிள்ளை ஒப்புவிக்கின்றதா வாசிக்கின்றதா என்பது தெரிந்துவிடும்.

அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல்களுட் சகோதரரின் பழைய நூல்களைப் பேணி வைக்கலாம். பாடசாலை நூலகம், பிரதேச சபை நூலகம், சனசமூக நிலைய வாசிகசாலை என்பவற்றுக்கு வாரம் ஒரு முறை பிள்ளையை அழைத்துச் செல்லலாம். நூலைப் பிள்ளையே தெரிவு செய்ய விட வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான நூல்களும் ஏடுகளும் சாம்பலானபோது தமிழ் மக்கள் கண்ணீர் வடித்தனர். அந்த இழப்பை உணர்ந்த சமுதாயம், இன்று கிராமத்து வாசிகசாலையின் அலுமாரி பூட்டியபடியே இருப்பதைப் பார்த்திருக்கலாகாது.

கைத்தொலைபேசியும் பரீட்சையும்

கைத்தொலைபேசி இன்று எல்லா வீடுகளிலும் நுழைந்துவிட்டது. அதனை முற்றாக விலக்குவது எளிதன்று. அதிலும் வாசிக்கலாம். 2005 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திற் பாடநூல்களைப் பெறலாம். ஆயின் சிறு பிள்ளையைக் காணொளியின் முன் தனியே இருத்திவிடுவது வாசிப்பாகாது. காணொளி பிள்ளையின் விடைக்காகக் காத்திராது. அருகில் அமர்ந்திருக்கும் தாயே காத்திருப்பார். வாசிக்கும் பதினைந்து நிமிடமும் பெற்றோரின் தொலைபேசியும் ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். பெற்றோர் வாசிப்பதைக் காணாத பிள்ளையிடம் வாசிப்பை எதிர்பார்ப்பது கடினம்.

தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கியதும் கதைப் புத்தகங்களைப் பூட்டி வைத்து, கடந்த கால வினாத்தாள்களை மட்டும் கொடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. வினாத்தாளை விரைவாக வாசித்து விளங்கும் ஆற்றல் கதைப் புத்தகம் வாசித்த பிள்ளைக்கே மிகுதியாக இருக்கும். ரியூசன் வகுப்புகளாற் களைத்து வரும் பிள்ளைக்கு விருப்பமான ஒரு கதை இளைப்பாறலாகவும் அமையும். பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். வாசிப்பு வாழ்நாள் முழுதும் வேண்டப்படும்.

கண்ணும் காதும்

நாள்தோறும் பழகியும் முன்னேற்றம் காணாத பிள்ளையைச் சோம்பேறி எனத் தீர்மானிக்க முன்னர் அதன் கண்களையும் காதுகளையும் பரிசோதிக்க வேண்டும். நூலை முகத்துக்கு மிக அருகிற் பிடித்தல், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குதல், அழைத்தால் திரும்பாதிருத்தல் என்பன கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது இவற்றைத் தெரிவிக்கலாம். கண்ணும் காதும் நலமாக இருந்தும் எழுத்துக்களை மனதில் இருத்த இயலாத பிள்ளைகளும் சிலர் உளர். அது வாசிப்புக்குரிய ஓர் இடர்பாடு. அறிவுக் குறைபாடு அன்று. வகுப்பாசிரியரிடமும் அரசாங்க வைத்தியசாலையிலும் ஆலோசனை பெற்று, தனிக் கவனத்துடன் பயிற்றினால் அத்தகைய பிள்ளைகளும் வாசிப்பர்.

ஆலயமும் கிராமமும்

வீட்டின் முயற்சிக்கு ஆலயமும் துணை நிற்கலாம். தேசிய வாசிப்பு மாதமாகிய ஒக்ரோபரை ஒட்டியே நவராத்திரியும் பெரும்பாலும் வருகின்றது. கும்பத்தின் அருகே நூல்களை அடுக்கிப் பூசித்த பின்னர், விஜயதசமியன்று அவற்றிற் சிலவற்றைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளச் செய்யலாம். ஒரு பழைய அலுமாரியும், வீடுகளிற் பயன்படாதிருக்கும் ஐம்பது நூல்களும், அறநெறிப் பாடசாலையின் மூத்த மாணவர் ஒருவரும் இருந்தாற் கிராமத்திற்கு ஒரு சிறுவர் நூலகம் அமைந்துவிடும். முன்னைய ஆண்டுகளில் அதே சந்நிதியில் ஏடு தொடக்கிய பிள்ளைகளை அழைத்து, ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒரு பக்கத்தை வாசிக்கச் செய்யலாம். புராணபடனத்தில் இளையவர்களுக்கும் சில பாடல்களை ஒதுக்கினால், வாசிப்போரும் பயன் சொல்வோரும் அருகிவரும் இக்காலத்தில் அம்மரபுக்கும் வாரிசுகள் கிடைப்பர்.

பிள்ளைக்குத் தேடிவைக்கும் செல்வங்களுள் இடம்பெயரும் வேளையிலும் விட்டுச் செல்ல வேண்டியிராத செல்வம் கல்வி என்பதை இம்மண்ணின் மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். அச்செல்வத்தின் திறவுகோல் வாசிப்பு. அதனைப் பிள்ளையின் கையிற் கொடுப்பதற்குப் பெரும் பணமோ உயர்ந்த பட்டமோ தேவையில்லை. நாளுக்குப் பதினைந்து நிமிடமும், ஒரு நூலும், பொறுமையோடு கேட்கும் ஒரு செவியும் போதும். இன்றிரவே ஒரு பக்கத்தோடு தொடங்கும் இல்லங்களிற் கலைமகளின் திருவருள் என்றும் பொலிவதாகுக.